பிளாக் பெல்ட்டின் தகப்பனார்

கராத்தே வகுப்பு நடக்கும் எந்த மைதானத்துக்கும் மாலை ஐந்தரை மணிக்குப் போய் நில்லுங்கள். வெள்ளை உடுப்பில் முப்பது பிள்ளைகள் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்க்க வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில், நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்தபடி, பிள்ளை குத்தும்போது தன் தோளைக் குலுக்கி, பிள்ளை உதைக்கும்போது தன்னையறியாமல் முழங்காலைத் தூக்கி, பிள்ளை தடுமாறினால் "பேலன்ஸ், பேலன்ஸ்" என்று பல்லுக்குள் முனகி, இத்தனைக்கும் நடுவே கைபேசியில் வீடியோவும் எடுத்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அவரைப் பாருங்கள். இவர் தனி இனம். அறிவியல் பெயர் இன்னும் யாரும் வைக்காததால் பெல்ட் அப்பா என்று நானே வைத்துவிட்டேன்.

பெல்ட் அப்பா கராத்தே கற்றவர் அல்ல. இரண்டு படி ஏறினால் மூன்றாவது படியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூச்சு வாங்கிக்கொள்கிறவர். ஐம்பதடி தள்ளி இருக்கும் டீக்கடைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்கிறவர். ஆனால் பேச்சு மட்டும் எப்போதும் கூட்டாகத்தான் வரும். "வர்ற ஞாயித்துக்கிழம எங்களுக்கு பிளாக் பெல்ட் டெஸ்ட்டுங்க" என்பார். "போன வருசம் இந்நேரம் நாங்க பச்சையில இருந்தோம், இப்ப பழுப்பு" என்பார். விவரம் தெரியாதவர்கள், வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றிப் பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த இனத்துக்குப் பஞ்சமில்லை. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருப்பார். திருமயத்தில் வங்கி மேலாளராக இருப்பார். சில சமயம் துபாயில் இருப்பார். மனைவி மைதானத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளிருந்து "காலு இன்னும் மேல போகணும்னு சொல்லு, இன்னும் மேல" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். கால் இன்னும் மேலே போனால் பிள்ளை கீழே விழும் என்பது துபாய் வரைக்கும் தெரியாது.

கல்யாணத்துக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும் பிள்ளையின் கராத்தே உடுப்பு ஒரு பையில் கூடவே வரும். எதற்கு? முதல் பந்தி நடந்து, இரண்டாம் பந்திக்கு ஆட்கள் பசியோடு இலையைப் பார்த்து நிற்கும் அந்த இருபது நிமிடம் இருக்கிறதே, அதற்கு. "பாப்பா, மாமாவுக்கு அந்த ஹெயான் கட்டாவ செஞ்சு காட்டு." கட்டா என்றால் எதிராளி இல்லாத சண்டை. பட்டுப்பாவாடையை மாற்றிக்கொண்டு வந்து அது காற்றில் குத்தும். மாமா கைதட்டுவார். கைதட்டும்போதே அவர் கண் கூட்டுப் பொரியல் வாளியின் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

பெண்பிள்ளையைப் பெற்ற பெல்ட் அப்பாவிடம் ஒரு கூடுதல் விசேஷம் உண்டு. எதற்காகக் கராத்தே என்று கேட்டால், "தற்காப்புக்குத்தாங்க. காலம் கெட்டுக் கெடக்கு. பொட்டப்புள்ள தன்னத் தானே பாத்துக்கணும்ல" என்பார். நியாயமான பேச்சு. ஆனால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பயின்ற அந்தப் பிள்ளை, டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மூன்று கடை தாண்டி வீட்டுக்குத் தனியாக நடந்து வர முடியாது. ஸ்கூட்டர் வந்துவிடும். ஏழு வருடம் அடி, உதை, தடுப்பு எல்லாம் கற்ற பெண்ணை, படி ஏறினால் மூச்சு வாங்கும் ஒருவர் பாதுகாத்து அழைத்துப் போவார்.

பொதுவாகப் பேசினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இலுப்பூர் செந்தமிழனையே எடுத்துக்கொள்வோம்.

செந்தமிழன் கட்டுமானப் பொருள் கடை வைத்திருப்பவர். சிமெண்டு, கம்பி, ஓடு, மாடித் தளத்துக்குப் பதிக்கும் தட்டோடு. மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்த வருடம் பிறந்ததால் அவருடைய தகப்பனார் ஆசையாக வைத்த பெயர் அது. அந்தச் செந்தமிழன் இப்போது லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கும்போது ஜப்பானிய மொழியில்தான் எண்ணுகிறார். இச், நி, சான், ஷி, கோ. பத்துக்கு மேல் அவருக்கு வராது. ஆகையால் அவர் கடையில் இருநூறு மூட்டை என்பது பத்துப் பத்தாக இருபது முறை எண்ணப்படும். "ஜூ" என்று சத்தம் வந்தால் பத்து முடிந்தது என்று பொருள். சுமை தூக்குகிறவர்கள் அந்த இடத்தில் நின்று தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டார்கள். கராத்தேயால் இலுப்பூரில் நேரடியாகப் பயனடைந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து அவர்கள்தான்.

அவருக்கு ஒரே மகள், சத்யபிரியா. பிளஸ் டூ படிக்கிறாள். ஆறாம் வகுப்பில் வெள்ளை பெல்ட்டோடு தொடங்கி, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று ஏறி, போன வருடம் பழுப்புக்கு வந்துவிட்டாள். மிச்சம் இருப்பது கருப்பு. கருப்பு வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் வீட்டுக் கதவைத் தட்டும் என்பது செந்தமிழனின் நம்பிக்கை. அதற்குப் போட்டிகளில் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும், இடுப்பில் கட்டுகிற துணியைப் பார்த்து யாரும் சீட்டுத் தருவதில்லை என்று பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். செந்தமிழன் அவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இனி விஷயத்துக்கு வருவோம். விஷயம் ஓடு.

இலுப்பூரில் கராத்தே சொல்லித்தரும் நிலவழகன் மாஸ்டரின் வகுப்பில் ஒரு வழக்கம். பெரிய பெல்ட்டுக்குத் தேர்வு எழுதுகிறவர்கள், 'எழுதுகிறவர்கள்' என்றுதான் அங்கே சொல்வார்கள், கடைசியில் தட்டோடு உடைத்துக் காட்டவேண்டும். பழுப்புக்கு மூன்று. கருப்புக்கு ஆறு. ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் குச்சி வைத்து அடுக்கி, ஒரே அடியில். ஓட்டை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். அடுக்குவதும் அவரவர் கையால்தான். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரட்டும் என்று மாஸ்டர் ஏற்படுத்திய ஏற்பாடு இது. ஓட்டுக்கடைக்காரர் ஒருவருக்குப் பெல்ட் அப்பா ஆகும் பாக்கியம் வாய்க்கும் என்பதை மாஸ்டர் எதிர்பார்த்திருக்க முடியாது.

போன வருடம் பழுப்புத் தேர்வில் சத்யபிரியா கையை ஓங்கிக் கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் மூன்று ஓடும் உடைந்து கீழே கிடந்தன. மண்டபமே கைதட்டியது. செந்தமிழன் விசிலடித்தார். அவள் மட்டும் குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். அடி வாங்கி உடைந்த ஓட்டின் ஓரம் கரடுமுரடாக இருக்கும். இது முக்கால் பங்கு வழுவழுவென்று, கத்தி போட்டு வெட்டிய பால்கோவா மாதிரி இருந்தது. மேலே கொஞ்சம் மட்டும்தான் அவள் கைக்கு விட்டு வைத்திருந்தார்கள்.

அதை அவள் அன்றைக்கு யாரிடமும் காட்டவில்லை. பழுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். ஒரு வருடம் அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அதைக் கட்டும்போதெல்லாம் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று செந்தமிழனைக் கேட்டால், "சந்தோசப்பட்டுருக்கும்" என்பார். பெல்ட் அப்பாக்களுக்குத் தெரிந்த பிள்ளைகளின் உணர்ச்சி அது ஒன்றுதான்.

கருப்புத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், பள்ளி விட்டு வரும் வழியில் அவள் கடைக்குள் நுழைந்தாள். பின்கட்டில் கட்டிங் மிஷின் ஓடும் சத்தம். செந்தமிழன் ஒரு தட்டோட்டைக் கவிழ்த்துப் போட்டு, குறுக்கே கோடு இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அறுத்தது ஐந்து, சுவரோரம் சாத்தியிருந்தது. அறுத்த கோட்டில் செங்கல் பொடியையும் சிமெண்டையும் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் துடைத்து, எது கோடு எது ஓடு என்று தெரியாத அளவுக்கு வேலை செய்திருந்தார். கைவேலை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது.

அவர் அசடு வழியவெல்லாம் இல்லை. "அந்தத் துணிய எடு ஆத்தா" என்றார்.

அவள் எடுக்கவில்லை. "இந்த ஒரு தடவ அறுக்காம விடுங்கப்பா" என்றாள்.

"ஒடையலைன்னா?"

"ஒடையலைன்னா, ஒடையலைன்னு தெரியும்ல. ஏழு வருசமாச்சுப்பா. எங் கைக்கு என்ன வரும்னு எனக்கே தெரியல."

"கைக்கு வீக்கம் வரும். பிளஸ் டூ எழுதுற கை, அதக் கொண்டு போயி ஓட்டுல அடிக்க விட்ருவேனா?"

இந்த வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். மகளின் கையை ஓட்டில் அடிக்க விடமாட்டேன் என்று சொல்கிறவர், ஓட்டில் அடிக்கும் தேர்வுக்கு மகளை அழைத்துப் போகிறார். இதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. அவர் மனைவி சுகுணாவுக்குத் தெரிந்தது. வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னதாகக் கேள்வி: "அவளோட சார்ட்டு, ப்ராஜெக்ட்டு, பேச்சுப்போட்டி அம்புட்டும் நீங்கதான் எழுதுனீங்க, இந்த ஒண்ணுலயாச்சும் அவளப் பரிச்ச எழுத விடுங்களேன்." செந்தமிழன் ரசம் கேட்டார்.

அவருக்கு வேறு வேலைகள் இருந்தன. ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும். தேர்வுக்கு முன்பே ஃபிளெக்ஸா என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஃபிளெக்ஸ் கடை லீவு. அதனால் வெள்ளிக்கிழமையே அடித்து, சனிக்கிழமையே பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டியாயிற்று. 'கருப்பு பட்டை வென்று இலுப்பூருக்குப் பெருமை சேர்த்த வீரமங்கையே' என்று பத்தடிக்கு எட்டடி. இடது பக்கம் செந்தமிழன், கூலிங் கிளாஸுடன், முழு உருவம். வலது பக்கம் கடையின் பெயரும் கைபேசி எண்ணும். நடுவில் சத்யபிரியா உதைக்கும் படம். இடம் போதாமல் அவள் பாதம் வெட்டுப்பட்டிருந்தது. உதைக்கிற படத்தில் உதைக்கிற பாதத்தையே வெட்டத் துணிந்த கலைஞனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தங்க நூலில் பெயர் போட்ட கருப்பு பெல்ட்டும் வாங்கியாகிவிட்டது. பூஜை அலமாரியில், குங்குமம் வைத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேர்வு நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் மேடையில் ஒட்டிய மாப்பிள்ளை பெண் பெயர்கள் தெர்மாகோலில் அப்படியே இருந்தன. அந்தத் தம்பதியின் ஆசியோடு கருப்பு பெல்ட்டுக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாகப் பதினோரு உறவினர்கள். வேடிக்கை பார்க்க நானும்.

செந்தமிழன் குட்டி யானையில் வந்து இறங்கினார். வண்டி நிறைய தட்டோடு. மற்ற மூன்று பிள்ளைகளின் பெற்றோரும் அவர் கடையில்தான் வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கான ஓடுகளும் போக, உதிரியாக ஒரு டஜனும் வந்திருந்தது. மகளுக்கானது மட்டும் தனியாக, ஒரு பச்சைத் துண்டில் சுற்றி, முன்சீட்டில் அவர் மடியில்.

திருச்சியிலிருந்து தேர்வாளராக வந்தவர் ஹேமா. முப்பது வயது இருக்கும். உயரம் கம்மி, குரலும் கம்மி. செந்தமிழன் போர்த்திய பொன்னாடையை வாங்கி நாற்காலியின் முதுகில் போட்டார். பிறகு ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கி, மண்டபத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு கிழித்தார். "பேரன்ட்ஸ் எல்லாரும் இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு" என்றார். அவ்வளவுதான். பெல்ட் அப்பாக்களைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும் என்று அந்தக் கோட்டைப் பார்த்ததுமே புரிந்தது.

பொன்னாடை போர்த்துகிற களேபரத்தில், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி சத்யபிரியா வண்டிப் பக்கம் போனாள். போகும்போதும் கையில் அந்தப் பச்சைத் துண்டு மூட்டை இருந்தது. வரும்போதும் இருந்தது.

மூன்று மணிநேரம் நடந்தது தேர்வு. குத்து, தடுப்பு, உதை, கட்டா என்று பிள்ளைகள் வியர்வையில் ஊறிப்போனார்கள். செந்தமிழனும் ஊறிப்போனார். அவர் கோட்டுக்கு அங்கிட்டுதான் நின்றார். ஆனால் வலது கால் கட்டைவிரல் மட்டும் இங்கிட்டு இருந்தது. ஹேமா இரண்டு முறை அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார், அது இரண்டு முறை உள்ளே போய், இரண்டு முறை வெளியே வந்தது. ஜோடியாகச் சண்டையிடும் கட்டத்தில், குழந்தைசாமி மகன் திருமுருகன் சத்யபிரியாவின் விலாவில் ஓர் உதை வைத்தான். அவள் பின்வாங்கி, மூச்சைப் பிடித்து, அடுத்த நொடியில் அவன் நெஞ்சில் ஒன்று வைத்தாள். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். செந்தமிழனுக்கும் குழந்தைசாமிக்கும்தான் அது தீரவில்லை. குழந்தைசாமி பக்கத்துக் கிராமத்தில் நிலக்கடலை போடுகிறவர், வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கராத்தே பார்க்கிறார். "உங்க பய என்னங்க இந்த ஒதை ஒதைக்கிறான்" என்று செந்தமிழன் கேட்க, "அதுக்குத்தானங்க காச வாங்கிக்கிட்டுச் சொல்லித்தாராக" என்று அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

கடைசியாக ஓடு.

முதலில் திருமுருகன். அடுக்கினான், மூச்சு இழுத்தான், அடித்தான். ஆறும் போயிற்று. கூட்டம் ஆர்ப்பரித்தது. குழந்தைசாமி மட்டும் கைதட்ட மறந்து உடைந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ஓடு. மாட்டுக்கொட்டகைக்காச்சும் ஆயிருக்கும்" என்றார்.

அடுத்து சத்யபிரியா. பச்சைத் துண்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, குச்சி வைத்து, நிதானமாக அடுக்கினாள். செந்தமிழன் கைபேசியை ஸ்லோ மோஷனில் வைத்துத் தயாரானார். நூற்று நாற்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவுக்கு 'இன்னும் சில நொடிகளில்' என்று ஏற்கெனவே அனுப்பியிருந்தார். அவள் முழங்காலிட்டாள். உள்ளங்கையின் ஓரத்தை ஓட்டின் நடுவில் வைத்து அளவு பார்த்தாள். ஒருமுறை. இரண்டுமுறை. பிறகு கத்தினாள்.

உடைந்தது. மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது ஓட்டின் மேல் நான்கின் துண்டுகள் கிடந்தன. ஐந்தும் ஆறும் அப்படியே இருந்தன.

மண்டபத்தில் ஒரு "ச்சு" எழுந்தது. ஹேமா குனிந்து எண்ணினார். "நாலு" என்றார். "ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப வாம்மா."

சத்யபிரியா தலையாட்டினாள். கை ஓரம் சிவந்து, தோல் கீறியிருந்தது. அந்தக் கையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தை அந்த நேரத்தில் பார்த்திருந்தால் தோற்றவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவளை யார் பார்த்தார்கள்? எல்லாரும் பார்த்தது சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஓடிவந்த தகப்பனாரை.

"மேடம், ஒரு நிமிசம். ஓட்டுல கோளாறு."

"என்ன கோளாறு சார்?"

இந்த இடத்தில் வேறு தொழில் செய்கிறவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். மளிகைக்கடைக்காரராக இருந்தால் வெயிலைக் குறை சொல்லியிருப்பார். செந்தமிழன் ஓட்டுக்காரர். அவர் அறுத்த ஓடு உடையவில்லை என்று ஊர் பார்க்க நிற்கிறது. தொழில்காரனுக்கு அதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்?

"ஒடையாம இருக்க சான்ஸே இல்ல மேடம். இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். அடிப்பக்கம் முக்கா பாகம் நானே மிஷின் போட்டு அறுத்து, தெரியாம பூசி வச்ச ஓடு. காக்கா வந்து ஒக்காந்தாலே போயிரணும். ஆறையும் நாந்தான் அறுத்தேன்."

சமையல்கட்டில் யாரோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. என்ன சொன்னோம் என்பது அவருக்கு மெதுவாக, கால் பக்கத்திலிருந்து ஏறி வருவது தெரிந்தது. ஆனால் அப்போதும் கை நிற்கவில்லை. ஐந்தாவது ஓட்டை எடுத்துத் திருப்பி, கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவினார். கோடு இல்லை. ஆறாவதைத் தடவினார். இல்லை.

"அந்த ஆறும் வண்டியில, சாக்குக்கு அடியில இருக்குப்பா" என்றாள் சத்யபிரியா. "பத்திரமாத்தான் இருக்கு. இது உதிரியிலேர்ந்து எடுத்தது."

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. ஹேமாவைப் பார்த்துத் திரும்பி, "பழுப்புக்கு ஒடச்ச மூணும் அறுத்ததுதான் மேடம். எனக்கு அப்பவே தெரியும். இன்னைக்குத்தான் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த பழுப்பு பெல்ட்டின் முடிச்சில் கை வைத்தாள்.

ஹேமா அந்தக் கையைப் பார்த்தார். "அவுக்க வேணாம். மூணுதான கணக்கு? இன்னைக்கு நாலு ஒடச்சிருக்க. அது ஒன்னோடது" என்றார். பிறகு அதே கம்மிக் குரலில், "ஆறு மாசம் கழிச்சு வா. ஓடு திருச்சியிலேர்ந்து நான் கொண்டாறேன்" என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் செந்தமிழன் ஒருவரைக் கேலி செய்துவிட்டு நாம் வீட்டுக்குப் போயிருக்கலாம். முடியவில்லை.

ஹேமா திருமுருகன் உடைத்த ஓட்டுத் துண்டுகளின் பக்கம் போய், ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். வேறு வழியில்லை, அதுவும் அதே கடை ஓடு. கருப்பு பெல்ட்டை இப்போதுதான் வென்ற பையன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். குழந்தைசாமி எழுந்து வந்தார். "எம்மவன் ஒடச்சத எதுக்குங்க ஆராயிறீங்க? அவன் அறுக்கலையே" என்று ஹேமாவிடம் கேட்டார், பார்வை மட்டும் செந்தமிழன் மேல். துண்டுகளின் ஓரமெல்லாம் கரடுமுரடுதான். பன்னிரண்டு துண்டையும் பார்த்து முடித்து, ஹேமா அவனுக்குக் கை கொடுத்தார். இருந்தாலும் அந்தப் பையனின் பெல்ட்டை, அவன் வாழ்நாளில் இனி யாராவது ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளின் ஓடுகளையும் ஹேமா திருப்பித் தடவிப் பார்த்த பிறகே அடிக்கவிட்டார். மற்ற பெற்றோர் கொதித்துப்போயிருந்தார்கள். அறநெறி பேசுவார்கள் என்று எதிர்பார்த்து நான் காதைக் கொடுத்தேன். என் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், கழுத்தில் மூன்று சங்கிலி, பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "இந்த மாதிரி அறுத்துத் தருவாருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நம்மளும் சொல்லி வாங்கியிருக்கலாம்ல. தனக்குன்னா மட்டும் பாருங்க."

பக்கத்தில் இருந்தவர் ஆமோதித்தார்.

மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி தயாராக இருந்தது. செந்தமிழன் ஏற்பாடு. எல்லாரும் சாப்பிட்டார்கள், அவரைத் தவிர. சத்யபிரியா இடது கையால் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நன்றாகவே சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடக்கத் தொடங்கினாள். தனியாக. குட்டி யானையை மண்டபத்தில் விட்டுவிட்டு, யாரிடமோ ஸ்கூட்டர் இரவல் வாங்கிக்கொண்டு செந்தமிழன் பின்னால் போனார். அவள் ஏறவில்லை. அவர் திரும்பவும் இல்லை. பதினைந்தடி பின்னால், நடக்கும் வேகத்துக்கு உருட்டிக்கொண்டே, இரண்டு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து, பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனார். பஸ் ஸ்டாண்டு எதிரில் அவருடைய கூலிங் கிளாஸ் முகம் பத்தடிக்கு எட்டடியில் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபிளெக்ஸை இன்றுவரை அவர் கழற்றவில்லை. 'வென்று' என்ற இடத்தில் ஒரு தாளை ஒட்டி 'வெல்லப்போகும்' என்று எழுதியிருக்கிறார். மழைக்கு அந்தத் தாள் பாதி பிய்ந்து தொங்குகிறது.

பாவம், சிரித்துவிட்டுப் போகலாம் என்று எழுந்திருக்கிறீர்கள். கொஞ்சம் உட்காருங்கள்.

நீங்கள் இலுப்பூர்க்காரர் அல்ல. உங்கள் பிள்ளை கராத்தே கற்கவில்லை. கட்டிங் மிஷினைத் தொட்டதுகூட இல்லை. எல்லாம் சரி. உங்கள் மகன் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோன எரிமலைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தது யார்? பரிசு வாங்கிய அந்தக் கட்டுரையில் 'எதிர்கால பாரதத்தின் இளந்தளிர்கள்' என்று ஒரு வரி வருகிறதே, நான்காம் வகுப்புப் பிள்ளை அப்படியா பேசும்? ஓவியப் போட்டி நடுவர் உங்கள் சகலைக்கு நண்பர் என்று அன்றைக்குப் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அது எதற்கு?

கோபப்படாதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் உங்கள் பிள்ளையின் கோப்பைகள் வரிசையாக இருக்கும். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவற்றில் பெரியதை எடுத்துத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கோடு தட்டுப்பட்டால் பதற வேண்டாம். நீங்கள் பூசிய பூச்சு நல்ல பூச்சு. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை ஒன்றுக்குத்தான் தெரியும்.